உயிருள்ள கணினிக்கு மரணச் சான்றிதழ்

நாவற்குடாவில் என் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி வசிக்கும் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி கடந்த வாரம் மடிக்கணினி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "இனி இது சரிவராதாம் மாமா. புதுசு வாங்கட்டாம்" என்றாள். கணினிக் கடையில் சொல்லியனுப்பியிருக்கிறார்கள். 2016இல் தகப்பன் கட்டாரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பொறி அது. திரையில் கீறல் இல்லை, விசைப்பலகையில் ஓர் எழுத்தும் தேயவில்லை. பிறகு எதனால் அது உதவாது?

விடை மட்டக்களப்பில் இல்லை. 2015இல் வெளியான விண்டோஸ் 10க்கு வழங்கிவந்த ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. தனியாருக்கு ஓராண்டு நீடிப்பும் அறிவித்தார்கள். அது தவணை சொல்வதே தவிர வேறில்லை. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11 ரி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாட்டைக் கேட்கிறது. இன்டெல் செயலியானால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறைந்ததை ஏற்க மறுக்கிறது. இந்தப் பிள்ளையின் பொறி ஆறாம் தலைமுறை. ஆகவே, மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே மரணச் சான்றிதழ் எழுதியாயிற்று.

சான்றிதழை எழுதியவர்களைவிட, அதை வாசித்துக்கூடப் பார்க்காமல் கையொப்பமிடும் நம்மவர்கள்மீதுதான் எனக்குக் கோபம். 2022இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் அவ்வாண்டு நடுப்பகுதிக்குள் 360 ரூபாவாயிற்று. அதற்குப் பின் ஒரு மடிக்கணினியின் விலை ஆசிரியர் ஒருவரின் எத்தனை மாதச் சம்பளம் என்பதை வாசகர்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். இப்படிப்பட்ட நாட்டில், ஓடும் கணினியைக் குப்பைக்கு அனுப்பச் சொல்வதற்கு முன் ஐந்து நிமிடமேனும் யோசிக்க வேண்டாமா?

கடைகளில் இரண்டாவது மருந்தும் உண்டு. உரிமம் இல்லாத விண்டோஸ் பிரதியைப் போட்டு, அதைத் திறக்க 'அக்டிவேற்றர்' என்றொரு திருட்டுச் சாவியையும் போட்டுத் தருவார்கள். அந்தச் சாவியை ஓட்டுவதற்கு முதலில் வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொல்லும். திருடன் வந்து, காவல்நாயைக் கட்டிப்போடு என்று கேட்க, நாமும் கட்டிப்போடுகிறோம். பிறகு வங்கிக் கணக்கு, பரீட்சை விண்ணப்பம், வெளிநாட்டிலிருக்கும் கணவனோடு பேசும் முகநூல் எல்லாம் அதே பொறியில்தான். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது என்பது பலருக்குத் தெரியாது, தெரிந்தவர்களும் பொருட்படுத்துவதில்லை.

மூன்றாவது வழி அன்று மாலை என் மேசையில் நடந்தது. லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தின் ஐ.எஸ்.ஓ. கோப்பு ஏறத்தாழ மூன்று கிகாபைற். இறக்குவதற்குக் காசில்லை, பிரதியெடுத்துப் பத்துப்பேருக்குக் கொடுத்தாலும் குற்றமில்லை. எட்டு கிகாபைற் பென் டிரைவ் ஒன்று போதும். ஆனால் கோப்பை இழுத்து அதற்குள் போட்டால் வேலை நடக்காது. பலர் தோற்றுப்போய்க் கடைக்கு ஓடுவது இந்த இடத்தில்தான். கணினி விழித்தெழும்போது, எங்கிருந்து தொடங்குவது என்று தேடும். அதற்குரிய தொடக்க நிரல் உரிய இடத்தில், உரிய அமைப்பில் இருக்கவேண்டும். அவ்வேலையை ரூஃபஸ், எட்சர் போன்ற சிறு இலவச மென்பொருள்கள் செய்து தருகின்றன. கோப்பைத் தெரிவு செய்து, பென் டிரைவைக் காட்டிவிட்டால் சில நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குமுன், இறங்கிய கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று, இணையத்தளத்தில் தந்திருக்கும் சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட வேண்டும். நம் ஊர் இணைய இணைப்பை நம்பியவன் கெட்டான்.

ஓர் எச்சரிக்கை. பென் டிரைவில் முன்பிருந்த யாவும் அழிந்துபோகும். 2004 சுனாமிக்குப் பின் நாவலடியிலும் டச்பாரிலும் நான் பதிவுசெய்த நேர்காணல்கள் சில, தவறான டிரைவைக் காட்டிய ஒரு சொடுக்கில் போயின. பேசியவர்களில் இருவர் இன்று உயிரோடு இல்லை. அன்றுமுதல் டிரைவின் பெயரை இருமுறை வாசிக்காமல் நான் அந்தப் பொத்தானைத் தொடுவதில்லை.

பிறகு கணினியை நிறுத்தி, பென் டிரைவைச் செருகி, இயக்கும்போது எஃப் 12ஐ அழுத்தினோம். சில பொறிகளில் எஃப் 9, சிலவற்றில் எஸ்கேப். நிறுவாமலே முழு இயங்குதளமும் திரையில் ஓடிற்று. ஒலி, வைஃபை, கமரா எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து, படங்களையும் பாடக்குறிப்புகளையும் வேறிடத்தில் சேமித்த பின்னரே நிறுவச் சொன்னேன். மொழிப் பட்டியலில் தமிழ் இருந்தது. பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

இங்கிருந்து சற்றுத் தொலைவில், கல்லடி உப்போடையில் விபுலாநந்த அடிகள் துயில்கிறார். 1936இல் சென்னையில் நடந்த சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, அறிவியல் முழுவதும் தமிழில் வரவேண்டுமென்று உழைத்தவர். அவருடைய ஊர்ப்பிள்ளைகள் கணினியின் பெயரே விண்டோஸ் என்று நம்பி வளர்கிறார்கள். அந்தத் தமிழ்த் திரையை ஆக்கித் தந்தவர்களிற் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். கேரளத்து அரசுப் பாடசாலைகள் 2000களிலேயே கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

எதிர்வாதங்களை நானறிவேன். "ஒபிஸில் வேர்ட்தான் கேட்பார்கள்" என்பார்கள். லிப்ரே ஒபிஸ் வேர்ட் கோப்புகளைத் திறக்கும். பக்க அமைப்பு சிலவேளை சற்றுக் குலையும், மறைக்கவில்லை. பாமினி எழுத்துருவா? அதுவும் லினக்ஸில் ஓடும், அதைவிட்டு யுனிகோட்டுக்கு வாருங்கள் என்பது என் தனி வழக்கு. ஃபொட்டோஷொப் தொழிலாகக் கொண்டவர் விண்டோஸிலேயே இருக்கட்டும். உரிமம் வாங்கி இருக்கட்டும். ரூஃபஸைக் கொண்டே விண்டோஸ் 11இன் தடையைத் தாண்டிப் பழைய பொறியில் நிறுவலாமே என்றும் ஒரு தம்பி கேட்டார். நிறுவலாம். ஆனால் அத்தகைய பொறிகளுக்கு இற்றைப்படுத்தல் வரும் என்ற உறுதியை அந்நிறுவனம் தரவில்லை. வாசலைத் தாண்டியபின் வீட்டுக்காரன் சோறு போடுவான் என்று எதிர்பார்க்க முடியுமா?

2011இல் நிறுத்தப்படும்வரை உபுண்டுக்காரர்கள் கேட்டவர்க்கெல்லாம் இறுவட்டைத் தபாலில் இலவசமாக அனுப்பினார்கள். எனக்கும் வந்தது. அந்த வேலையை இன்று நம் சனசமூக நிலையங்கள் செய்யலாம். பத்திரிகை மேசையோரம் ஒரு பென் டிரைவ் தொங்கினால் போதும். பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் கற்பிக்கும் ஆசிரியர்கள் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கினால், பிள்ளைகள் தம் கணினியின் சாவியைத் தாமே செய்யப் பழகுவார்கள்.

அதுவரை என்னுடையது முன்விறாந்தை மேசையில் இருக்கிறது. மாலை நான்கு மணிக்குப் பிறகு யாரும் வந்து பிரதி எடுக்கலாம். வெற்றுப் பென் டிரைவாகக் கொண்டுவாருங்கள். கலியாணப் படங்கள் உள்ளதைக் கொண்டுவராதீர்கள்.