நடுக்குவாதத்திற்கு அக்குபங்சர் துணையாகுமா?

வீட்டுப் பெரியவரின் கை, ஓய்ந்திருக்கும்போதே நடுங்குகிறது, நடை சுருங்குகிறது, குரல் தாழ்கிறது. மருத்துவர் 'பார்க்கின்சன் நோய்' என்கிறார். மாத்திரை உண்ட பின்னரும் சோர்வும் இறுக்கமும் முற்றிலும் அகலவில்லை. அவ்வேளையில், "அக்குபங்சர் செய்து பாருங்களேன்" என உறவினர் எவரேனும் கூறுவது இயல்பே. செய்யலாமா?

1817ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த நோய் இது. நடுமூளையில் டோபமின் என்னும் பொருளை உண்டாக்கும் உயிரணுக்கள் படிப்படியாக அழிவதால் நேர்வது. அக்குறையை ஈடுசெய்யவே லெவோடோபா மாத்திரை தரப்படுகிறது. குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலிக்கு 1984இல் இந்நோய் கண்டறியப்பட்டது. 1996இல் அட்லாண்டாவில் நடுங்கும் கரங்களாலேயே அவர் ஒலிம்பிக் சுடரை ஏற்றினார்; 2016 வரை வாழ்ந்தார்.

அக்குபங்சர் என்பது சீனத்தின் தொன்மையான மருத்துவ முறை. மயிரிழை போன்ற ஊசிகளை உடலின் குறிப்பிட்ட புள்ளிகளில் செருகுவர். அழிந்த உயிரணுக்களை அது மீட்டுத் தரும் என்பது நிறுவப்படவில்லை. 2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சோர்வால் வருந்திய 94 நோயாளிகளுள் ஒரு சாராருக்கு மெய்யான அக்குபங்சரும் மறு சாராருக்குப் பாவனைச் சிகிச்சையும் அளித்தனர். இரு சாராருக்கும் சோர்வு குறைந்தது. இவர்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பரிவும் ஓய்வும் நம்பிக்கையுமே அந்த ஆறுதலைத் தந்திருக்கக்கூடும்.

ஆறுதலும் அற்பமானதன்று. விரும்புவோர் முயலலாம், ஆனால் மாத்திரைக்குத் துணையாக மட்டுமே. "மாத்திரையை நிறுத்துங்கள்" என்று கூறுபவரிடம் செல்லாதீர்கள். லெவோடோபாவைத் திடீரென நிறுத்தினால் கடுங்காய்ச்சலும் விறைப்பும் கண்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். ரமளானில் நோன்பு நோற்க விழைவோரும் மருத்துவரைக் கேளாமல் மாத்திரை வேளையை மாற்றலாகாது.

ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் ஊசிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்கள் அதனை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். மூளைக்கோ இதயத்திற்கோ மின்கருவி பொருத்தப்பட்டவர்கள், ஊசியில் மின்சாரம் செலுத்தும் முறையைத் தவிர்ப்பது நலம்.

தொடங்குமுன் கால வரம்பொன்றை வகுத்துக்கொள்ளுங்கள். உறக்கம், நடை, சோர்வு ஆகியவற்றை நாள்தோறும் குறித்து வாருங்கள். ஆறு வாரங்களில் பயன் தெரியாவிடில் அப்பொருளை இயன்முறைப் பயிற்சிக்குச் செலவிடுங்கள். நடையும் சமநிலையும் பேணப் பயிற்சி உதவுவது உறுதியாக அறியப்பட்டதாகும்.

ஊசி மருத்துவரிடம் பெரியவர் இருப்பது வாரத்தில் ஓரிரு மணி நேரமே. எஞ்சிய பொழுதெல்லாம் அவர் நம் வீட்டில்தான் இருக்கிறார். அவர் சட்டைப் பொத்தானை மாட்டி முடிக்கும்வரை பொறுமையுடன் காத்திருப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.