விரயமாகும் டீசல்

மாம்புரிக் கரையிலே 2010ஆம் ஆண்டு முதல் காற்றாலைகள் சுழல்கின்றன. அயலிலே 900 மெகாவாட் வலுவுள்ள நுரைச்சோலை அனல்மின் நிலையம் நிற்கிறது. ஆயினும் புத்தளப் பாதையின் புகையிரதங்கள் கடல்கடந்து வரும் டீசலிலேயே ஓடுகின்றன. மும்பையில் 1925இலும் சென்னையில் 1931இலும் மின்சார இரயில் ஓடிற்று. இலங்கையில் மின்சாரப் பாதை ஒன்றேனும் இன்றுவரை இல்லை. அது வரும்வரை நாம் கைகட்டி நிற்பதா?

வேண்டியதில்லை. உருக்குத் தண்டவாளத்தில் உருளும் உருக்குச் சக்கரத்துக்குத் தடை மிகக் குறைவு. நிலையத்தை நெருங்குமுன்பே சாரதி இயந்திர விசையைத் தளர்த்தி வண்டியைத் தானாக உருளவிட்டால், பிரேக்கில் வெப்பமாய்ப் பாழாகும் சக்தி மிச்சமாகும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தை 54 ஆக்கினால், அவ்வாறு பாழாகக்கூடிய இயக்கசக்தி 19 சதவீதம் குறைகிறது.

ஆனால், முழுப் பொறுப்பையும் சாரதியின் தலையில் சுமத்துவது நீதியன்று. புத்தளப் பக்கம் ஒற்றைப் பாதை. எதிர்வண்டி தாமதிப்பதை அறியாது விரைந்து வந்து, நிலையத்தில் காத்துக் கிடப்பதால் யாருக்கு என்ன பயன்? தாமதத்தை அவருக்கு முன்கூட்டியே அறிவித்தல், தக்க பயிற்சி அளித்தல், நேர அட்டவணையில் சில நிமிடம் தளர்வு தருதல், மிச்சப்படுத்துவோருக்கு ஊக்கப்படி வழங்குதல் ஆகியவை நிர்வாகத்தின் கடமைகளாகும்.

2022இல் உழவரும் உத்தியோகத்தரும் எரிபொருளுக்காக ஒரே வரிசையில் நின்றதை நாம் மறக்கவில்லை. வரிசையில் நின்ற மக்களுக்குச் சிக்கனம் கற்பித்த அரசு, முதலில் தன் வண்டிகளில் அதைக் கைக்கொள்ளட்டும்!