ரியாத் சிறுமியின் பச்சை சைக்கிள்



சபுராளி இல்லாத வீடு நம் ஊர்களில் குறைவு. ரியாதிலும் ஜித்தாவிலும் இருபது ஆண்டுகள் உழைத்துத் திரும்பிய ஒருவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். கஃபீலின் குணத்தைச் சொல்வார்; கோடையின் கொடுமையைச் சொல்வார்; அத்தரின் விலையைச் சொல்வார். ஓர் அரபுக் குடும்பத்தில் தாயும் மகளும் என்ன பேசிக்கொள்வார்கள் என்று கேட்டால் மட்டும் விழிப்பார். வீட்டு வேலைக்குப் போன சிலரைத் தவிர மற்றவர்களுக்கு வெளிவாசலோடு சரி.

மேலை நாட்டாருக்கு அந்த வெளிவாசலும் தெரியாது. ஹாலிவுட் காட்டிய அரபியையே அவர்கள் அறிவார்கள்: ஒட்டகம், எண்ணெய்ப் பணம், வெடிகுண்டு. இந்தச் சித்திரத்துக்கு மறுமொழியாக அரபு நாட்டவர் தாமே எடுக்கும் படங்கள் இப்போது உலகத் திரைப்பட விழாக்களில் இடம் பெறுகின்றன. சினிமா என்றாலே முகம் சுளிக்கும் பெரியவர்கள் சற்றுப் பொறுத்தருள்க. இது நட்சத்திரங்களின் கதையன்று.

2012ஆம் ஆண்டு வெனிஸ் விழாவில் 'வஜ்தா' என்னும் படம் காட்டப்பட்டது. முழுவதும் சவூதி அரேபியாவிலேயே எடுக்கப்பட்ட முதல் முழுநீளக் கதைப்படம் என்று பெயர் பெற்றது அது. இயக்கியவர் ஹைஃபா அல் மன்சூர் என்னும் சவூதிப் பெண்மணி. ரியாத் வீதிகளில் ஆண்களுக்கு நடுவே நின்று ஒரு பெண் வேலை வாங்குவது அன்றைக்கு எளிதில் நடக்கக்கூடியதன்று. ஆகவே வெளிப்புறக் காட்சிகள் பலவற்றை அவர் ஒரு வேனுக்குள் அமர்ந்தபடி, வாக்கி டாக்கி வழியாகக் கட்டளையிட்டே எடுத்து முடித்தார்.

கதை எளியது. வஜ்தா என்னும் பள்ளிச் சிறுமிக்கு, அண்டைவீட்டு அப்துல்லாஹ்வோடு சைக்கிள் பந்தயம் விட ஆசை. கடையில் ஒரு பச்சை சைக்கிள் நிற்கிறது. விலை 800 ரியால். பெண்பிள்ளைக்குச் சைக்கிளா என்று தாய் மறுத்துவிடுகிறாள். அந்த நேரத்தில் பள்ளியில் கிராஅத் போட்டி அறிவிக்கப்படுகிறது. முதற் பரிசு 1000 ரியால்! ஓதுவதில் அதுவரை நாட்டமே காட்டாத குறும்புக்காரி, மும்முரமாக ஓதத் தொடங்குகிறாள். பரிசையும் வென்றுவிடுகிறாள். இந்தப் பணத்தை என்ன செய்வாய் என்று மேடையில் கேட்கிறார் தலைமையாசிரியை. சிறுமி கள்ளமின்றிச் சொல்லிவிடுகிறாள்: சைக்கிள் வாங்குவேன்! ஆசிரியையின் முகம் மாறுகிறது. பணம் பாலஸ்தீன மக்களுக்கு அனுப்பப்படும் என்று அவரே அறிவித்துவிடுகிறார். பாலஸ்தீனத்துக்குக் கொடுப்பது மிக நல்ல காரியம்தான். ஆனால் யார் பணத்தை யார் கொடுப்பது?

என் நெஞ்சில் தங்கியது வேறொரு காட்சி. வீட்டுச் சுவரில் தந்தையின் வமிச மரம் தொங்குகிறது. அதில் இருப்பவையெல்லாம் ஆண்களின் பெயர்கள். ஆண் வாரிசு வேண்டி அந்தத் தந்தை மறுமணத்துக்கு ஆயத்தமாகிக் கொண்டிருக்கும் நாட்கள் அவை. சிறுமி தன் பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதி, கூந்தலில் செருகும் ஊசியால் அந்த மரத்தில் பொருத்தி வைக்கிறாள். பிறகு வந்து பார்க்கும்போது தாள் அங்கே இல்லை. அவ்வளவே காட்சி. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வமிசம் மகளார் பாத்திமா (ரலி) வழியாகவே தொடர்ந்தது என்பதை மதரஸாவில் படித்தவர் எவரும் மறந்திருக்க முடியாது. அந்தத் தாளை எடுத்தது மார்க்கமா, ஊர் வழக்கமா?

வெனிஸில் பார்த்தார்கள், ஐரோப்பாவெங்கும் பார்த்தார்கள். சவூதியிலோ திரையிட அரங்கமே இல்லை; 1980களின் தொடக்கத்திலேயே மூடப்பட்டுவிட்டன. ரியாதில் மீண்டும் அரங்கம் திறந்தது 2018 ஏப்ரலில். அங்கே முதலில் ஓடியது 'பிளாக் பேந்தர்' என்னும் அமெரிக்கப் படம்!

'வஜ்தா'வின் தயாரிப்பில் ஒரு ஜெர்மன் நிறுவனம் முன்னின்றது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் கை நீளாவிட்டால் படமே இல்லை. எனினும் பணம் கொடுப்பவரும் விழாவுக்குத் தேர்பவரும் அயலார் என்றால், அரபு வீட்டின் எந்த அறையைத் திறந்து காட்டுவது என்பதும் ஓரளவு அவர்கள் விருப்பமாகிவிடுகிறது. போர், அகதி, அடக்கப்பட்ட பெண் ஆகிய மூன்றுக்கும் கதவு சீக்கிரம் திறக்கிறது. அரபு மக்கள் வயிறு குலுங்கச் சிரித்த படங்களை அந்த விழாக்களில் தேடித்தான் பார்க்க வேண்டும். 1992இல் வந்த எகிப்தியப் படம் 'அல் இர்ஹாப் வல் கபாப்', அதாவது 'பயங்கரவாதமும் கபாபும்', ஓர் எடுத்துக்காட்டு. பிள்ளைகளைப் பள்ளி மாற்றுவதற்காக, கெய்ரோ தஹ்ரீர் சதுக்கத்தின் பிரம்மாண்டமான அரசுக் கட்டடத்துக்கு அலைகிறான் ஒரு குடும்பத்தலைவன். எப்போது போனாலும் அலுவலர் தொழுகையில் இருக்கிறார்! வாய்த்தகராறு முற்றிக் கைகலப்பாக, காவலரின் துப்பாக்கி இவன் கைக்கு வந்துவிடுகிறது. வெளியே படை சூழ்கிறது. கோரிக்கை என்ன என்று கேட்கிறது. இவனிடம் கோரிக்கை ஏது? எல்லோருக்கும் கபாப் வேண்டும் என்கிறான். ஆதில் இமாம் நடித்த இப்படத்தை எகிப்து இன்றும் கொண்டாடுகிறது. வேலையைத் தட்டிக்கழிக்கத் தொழுகையைத் திரையாக்கிக் கொள்வோர் கெய்ரோவில் மட்டுமா இருக்கிறார்கள்!

பாலஸ்தீனப் படங்களின் நிலை இன்னும் விந்தையானது. அங்கே நாட்டின் பெயரே வழக்காகிவிட்டது. ஹானி அபூ அஸ்ஸத் இயக்கிய 'பாரடைஸ் நவ்' 2005இல் வெளிவந்தது. தற்கொலைத் தாக்குதலுக்கு அனுப்பப்படும் இரு நண்பர்களின் கடைசி நாட்களைப் பற்றியது. நாப்லூஸில் படப்பிடிப்பு நடந்தபோது குழுவில் ஒருவர் கடத்தப்பட்டதால், எஞ்சிய பகுதியை நாசரேத்தில் எடுத்தார்கள். இதற்கும் உறுதுணையாக இருந்தது 'வஜ்தா'வை எடுத்த அதே ஜெர்மன் நிறுவனமே. படம் ஆஸ்கர் இறுதிப் பட்டியலுக்கு வந்தபோது, பாலஸ்தீனம் என்று குறிக்கக் கூடாது என எதிர்ப்புக் கிளம்பியது. 2006இல் விழா மேடையில் 'பாலஸ்தீனப் பகுதிகள்' என்றே வாசித்தார்கள். படத்தை ஏற்றுக்கொண்ட சபைக்கு ஊரின் பெயரை ஏற்க நா எழவில்லை.

அதே இயக்குநர் 2013இல் 'உமர்' என்ற படத்தை எடுத்தார். பிரிவுச் சுவரில் கயிறு பிடித்து ஏறி, அப்புறத்திலுள்ள தன் காதலியையும் தோழர்களையும் காணச் செல்லும் ஒரு ரொட்டிக்கடை இளைஞனின் கதை. இம்முறை ஏறக்குறைய முழுச் செலவையும் பாலஸ்தீனரே ஏற்றுக்கொண்டனர். இதுவும் ஆஸ்கர் இறுதிப் பட்டியலில் இடம் பெற்றது. விருது இத்தாலி நாட்டுப் படத்துக்குப் போயிற்று. ஆனால் 2014ஆம் ஆண்டின் அந்தப் பட்டியலில், எந்த நாடு என்ற இடத்தில், 'பாலஸ்தீனம்' என்று எழுதியிருந்தது.