ஹிட்மேன் 2 - துப்பாக்கியைத் தொடாமல் ஒரு துப்பாக்கி கேம்

எங்கள் ஹாஸ்டலில் இந்த மாதம் ஓடிக்கொண்டிருக்கும் பஞ்சாயத்து இதுதான்: 'ஹிட்மேன் 2: சைலன்ட் அசாஸின்' விளையாடத் தகுதியான கேமா, இல்லை பழம்பெருமை பேசுகிறவர்கள் நம் தலையில் கட்டப் பார்க்கிறார்களா? குழப்பம் வேண்டாம். 2018-இல் வந்த 'ஹிட்மேன் 2' வேறு. நான் சொல்வது 2002 அக்டோபரில் வந்தது. எங்கள் வகுப்பில் பெரும்பாலோர் அப்போது பிறந்திருக்கவே இல்லை. ஆனால் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பை வைத்துக்கொண்டு பழைய கேம்களைத் தோண்டி எடுக்கும் என்னைப் போன்ற ஆசாமிகள் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள் இல்லையா :-)

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளையாடலாம். தாராளமாக விளையாடலாம். ஆனால் எல்லா லெவலையும் அல்ல, எல்லோரும் விளையாடுகிற மாதிரியும் அல்ல.

முதல் பாகம் 'ஹிட்மேன்: கோட்நேம் 47'. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் இருக்கும் ஐஓ இன்டராக்டிவ் 2000-இல் பிசிக்கு மட்டும் போட்டது. மொட்டைத் தலை, கறுப்பு கோட், சிவப்பு டை, பின்மண்டையில் பார்கோடு. ஆளைக் கொல், அவன் சட்டையைப் போட்டுக்கொள், அடுத்த கதவைத் தாண்டு. யோசனை அபாரம். விளையாடினால் தலைவலி. நடுவில் சேவ் செய்ய வழியே கிடையாது. முக்கால் மணி நேரம் பூனை மாதிரி நடந்து, கடைசிக் கதவில் ஒரு காவலாளி முறைத்துப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. அதிலும் கொலம்பியக் காடு என்று ஒரு பகுதி வரும். வேண்டாம், அதைப் பற்றிப் பேசினால் எனக்குக் கோபம் வரும்.

இரண்டாம் பாகம் அந்தக் குறைகளை ஒவ்வொன்றாக உட்கார்ந்து சரிசெய்திருக்கிறது. நார்மல் அளவில் ஒரு மிஷனுக்கு 7 சேவ். ஆகக் கடினமான ப்ரொஃபெஷனல் அளவில் ஒன்றுகூடக் கிடையாது. சாவித் துவாரம் வழியாக அறைக்குள் எட்டிப் பார்க்கலாம். மயக்க மருந்து உண்டு, அதாவது எல்லோரையும் கொல்ல வேண்டியதில்லை. எவ்வளவு நேரம் மூக்கில் அழுத்துகிறாயோ அவ்வளவு நேரம் ஆள் தூங்குவான், பிறகு எழுந்து ஜட்டியோடு ஓடிப்போய் எல்லோரையும் கூப்பிடுவான். திரையின் ஓரத்தில் ஒரு பட்டை இருக்கும். நம்மை மற்றவர்கள் எவ்வளவு சந்தேகப்படுகிறார்கள் என்பதை அது காட்டும். நெஞ்சுத்துடிப்பு மாதிரி அது எகிறும்போது நம் நெஞ்சும் சேர்ந்து எகிறும்.

இதையெல்லாம் விட முக்கியமானது மிஷன் முடிந்ததும் வரும் பட்டம். எத்தனை குண்டு சுட்டாய், எத்தனை காவலர், எத்தனை அப்பாவிகள், எத்தனை தடவை அலாரம் அடித்தது என்று கணக்குப் போட்டு ஒரு பெயர் வைக்கும். மூச்சுக் காட்டாமல் வேலையை முடித்தால் 'சைலன்ட் அசாஸின்'. கண்ணில் பட்டவனையெல்லாம் சுட்டுத் தள்ளினால் 'மாஸ் மர்டரர்'.

என் அறைத் தோழன் ஒருவன் இருக்கிறான். அவன் வாதம்: "மச்சி, கேம் துப்பாக்கி குடுக்குது. சுட்டா மிஷன் முடியுது. அப்புறம் எதுக்குடா சமையல்காரன் டிரெஸ்ல இருபது நிமிஷம் சுத்துற?" அவன் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. சிசிலியில் மாஃபியா தலைவனைக் கொல்லும் முதல் மிஷனை அவன் நாலு நிமிஷத்தில் முடித்தான். கேட்டில் இருந்தவன் முதல் மாடியில் இருந்தவன் வரை ஒருவரும் மிச்சமில்லை. கேம் அவனைத் தடுக்கவில்லை. அடுத்த மிஷனுக்குப் போக அனுமதி கொடுத்தது. பட்டம் மட்டும் மாஸ் மர்டரர். "ஜெயிச்சாச்சு இல்ல?" என்றான்.

இந்த இடத்தில்தான் எனக்கும் அவனுக்கும் முட்டுகிறது. என்னைக் கேட்டால் அவன் இந்த கேமை விளையாடவே இல்லை. துப்பாக்கி இதில் ஜெயிப்பதற்கான கருவி அல்ல, திட்டம் சொதப்பிவிட்டது என்று ஒப்புக்கொள்வதற்கான கருவி. சைலன்ட் அசாஸின் பட்டங்கள் சேரச் சேர உனக்குக் கிடைக்கும் பரிசு என்ன தெரியுமா? புதுத் துப்பாக்கிகள்! துப்பாக்கியைத் தொடாமல் இருந்ததற்குத் துப்பாக்கி பரிசு. இந்தக் குசும்பு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

அதே சிசிலி மிஷனைப் பொறுமையாக விளையாடிப் பாருங்கள். வில்லாவுக்கு மளிகை கொண்டுவரும் பையன் ஒருவன் வருவான். தபால்காரர் ஒருவர் வருவார். கேட்டில் ஆளைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள், ஆனால் மளிகைப் பெட்டிக்குள் இருக்கும் ஆயுதம் அவர்கள் கையில் அகப்படாது. அல்லது ஒரு காவலாளியின் உடுப்பே போதும். எந்த வழி என்று கேம் அம்புக்குறி போட்டுக் காட்டாது. முதல் அரை மணி நேரம் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: வேடிக்கை பார்ப்பது. யார் எப்போது எங்கே போகிறான், எவன் சிகரெட் பிடிக்க ஒதுங்குகிறான், எந்தக் கதவு பூட்டியிருக்கிறது. எங்கள் தெரு முனை டீக்கடையில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பாரே ஒரு பெரியவர், அவர் இந்த கேமில் பிய்த்து உதறுவார்.

கதையும் சும்மா ஒட்டவைத்ததல்ல. கொலைத் தொழிலை விட்டுவிட்டு சிசிலியில் ஒரு சர்ச்சில் தோட்டக்காரனாக இருக்கிறான் 47. பாதிரியார் விட்டோரியோவிடம் பாவமன்னிப்புக் கேட்கிறான். அவரை யாரோ கடத்திக்கொண்டு போய் 5 லட்சம் டாலர் கேட்கிறார்கள். அவரைத் தேட பழைய ஏஜென்சியின் உதவி வேண்டும், அதற்குக் கூலியாக மறுபடி கொலை. தோட்டத்துக் கொட்டகைக்குள் போய் அவன் பழைய கோட்டை எடுத்து மாட்டும் இடம் ஒன்று வரும். அடுத்தடுத்த மிஷன்களில் நீங்கள் சேர்க்கும் ஆயுதங்களும் அந்தக் கொட்டகையில்தான் வந்து வரிசையாகத் தொங்கும். மன்னிப்புக் கேட்ட இடத்திலேயே ஆயுதக் கண்காட்சி. யாரும் இதை வசனமாகப் பேசுவதில்லை, நாமாகப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஜெஸ்பர் கிட் போட்ட இசைக்கு புடாபெஸ்ட் சிம்ஃபொனி ஆர்கெஸ்ட்ராவும் ஹங்கேரிய வானொலியின் பாடகர் குழுவும். ஹெட்போன் கட்டாயம்.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மிஷன்கள்தான் உச்சம். எதிர்க்கட்டிட ஜன்னலில் ஸ்னைப்பரோடு உட்கார்ந்து ஒரு கூட்டத்தில் இருக்கும் ராணுவ ஜெனரலைச் சுட வேண்டும். சுடுவது கஷ்டமே இல்லை. சுட்ட பிறகு மெட்ரோ ஸ்டேஷன் வரை நடக்க வேண்டும், அதுதான் கஷ்டம். நடக்க வேண்டும், ஓடக் கூடாது. தெருவெல்லாம் சிப்பாய்கள். மாறுவேஷத்தில் ஓடினால் சந்தேகம் வரும் என்று தெரியும், விரல் மட்டும் ஓடும் பட்டனைத் தேடும். அந்த ரெண்டு நிமிஷம் எனக்கு எந்த வெடிகுண்டு கேமிலும் கிடைக்காத பதற்றம். கோலாலம்பூர் பெட்ரோனாஸ் கோபுரத்து மிஷன்களும் அப்படியே. தீயணைப்பு வீரன் உடுப்பைப் போட்டுக்கொண்டு சாவகாசமாக நடந்து போகலாம்.

சரி, திட்ட வேண்டியதற்கு வருவோம்.

ஜப்பான். ஹயமோட்டோ என்கிற ஆளின் மகனை விஷ மீனால் கொன்று, பிணத்தை அப்பா கோட்டைக்குக் கொண்டு போகும்போது அதைப் பின்தொடர்வது என்கிற திட்டம் வரை பிரமாதம். அப்புறம் பனிமலைப் பள்ளத்தாக்கு. மைல் கணக்கில் வெள்ளை. கோபுரத்துக்குக் கோபுரம் ஸ்னைப்பர். அவர்கள் ஆளாகவே வேஷம் போட்டிருந்தாலும் தொலைவிலிருந்தே கண்டுபிடித்துச் சுடுகிறார்கள். வேடிக்கை பார்த்துக் கற்றுக்கொள்ள அங்கே வாழ்க்கையே இல்லை, வெறும் காவல். இங்கேதான் பாதிப் பேர் கேமை மூடிவிட்டுப் போகிறார்கள், அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். சந்தேகப் பட்டையும் பல நேரம் பைத்தியம் மாதிரி நடந்துகொள்ளும். நடந்துதான் போகிறேன், வேஷம் சரி, கையில் ஒன்றுமில்லை. படார் என்று சுடுவான். ஏன் என்று கேம் சொல்லாது. கவனித்தால் ஜெயிக்கலாம் என்று நம்பவைத்துவிட்டு இப்படிச் செய்வது துரோகம்.

இன்னொன்று இதைவிடப் பெரியது. பஞ்சாபில் நடக்கும் மிஷன்கள். அமிர்தசரஸ் ஹர்மந்திர் சாஹிபை அப்படியே நினைவூட்டும் ஒரு கோயில், தலைப்பாகை கட்டிய எதிரிகள், அவர்களைக் கொல்வது உன் வேலை. 1984-இல் அந்த வளாகத்துக்குள் ராணுவம் நுழைந்து எத்தனை பேர் செத்தார்கள், அதன் காயம் இன்னும் எப்படி இருக்கிறது என்று தெரிந்த எவனும் இதை வெறும் பின்னணிப் படமாக வரைந்திருக்க மாட்டான். சீக்கிய அமைப்புகள் கண்டித்தன, போராடின. வெளியிட்ட ஐடாஸ் நிறுவனம் பின்னால் அந்தப் பகுதிகளை மாற்றிய பதிப்பைக் கொண்டுவந்தது.

"கேம்தானே, விடு" என்று சொல்கிறவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி. இந்த கேமின் பெருமையே என்ன? வழியில் போகிற ஒவ்வொரு ஆளையும் கவனி, அவனுக்கும் ஒரு வழக்கம் உண்டு, ஒரு அப்பாவி செத்தாலும் உன் கணக்கில் எழுதுவேன் என்பதுதானே? தபால்காரர் எத்தனை மணிக்கு வருவார் என்று யோசித்து உருவாக்கியவர்களுக்கு, நிஜத்தில் இருக்கும் ஒரு மக்களின் கோயிலைப் பற்றி நாலு பேரிடம் விசாரிக்கத் தோன்றவில்லை. சாதாரண சுடும் கேம் ஒன்று இதைச் செய்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. அதே தொடர்தான் 2018-இல் மும்பைக்கு வந்தது. அங்கே சினிமா தயாரிப்பாளர், சலவைக்காரர்கள், நெருக்கமான சந்துகள் என்று ஊர் ஊராகவே இருந்தது. ஆக, பார்க்க முடியாமல் இல்லை, 2002-இல் பார்க்கவில்லை.

அதனால் என் சிபாரிசு இப்படி. சிசிலியில் தொடங்குங்கள், நார்மல் போதும், ப்ரொஃபெஷனல் எல்லாம் வீம்புக்கு. ஏழு சேவையும் ரேஷன் சர்க்கரை மாதிரி செலவு செய்யுங்கள், கதவுக்குக் கதவு போட்டால் பயமே இருக்காது. பீட்டர்ஸ்பர்க் மிஷன்களை ஒவ்வொன்றும் குறைந்தது ரெண்டு தடவை, ரெண்டு வழியில் முடியுங்கள். ஜப்பான் பனியில் மாட்டினால் மானம் பார்க்காமல் ஓடியே கடந்துவிடுங்கள், பட்டம் போனால் போகட்டும். மலேசியாவுக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பஞ்சாப் வரும்போது அந்தக் கோயில் ஏன் அங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு விளையாடுங்கள், பிடிக்காவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். ஒன்றும் குடிமுழுகாது.

முதல் பாகத்தை விளையாடவில்லையே என்று தயங்க வேண்டாம், கதை புரியும். நேரமே இல்லை, ஒரே ஒரு ஹிட்மேன்தான் விளையாடுவேன் என்கிறவர்கள் 2006-இல் வந்த 'பிளட் மணி'க்குப் போய்விடுங்கள், அதில் இந்தக் கோளாறுகள் நிறைய தீர்ந்திருக்கும். என் அறைத் தோழன் மட்டும் நேற்று வரை ஒத்துக்கொள்ளவில்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, துப்பாக்கியைத் தொடாமல் மளிகைப் பெட்டியோடு கேட்டில் நின்றுகொண்டிருந்தான். ஏன்டா என்று கேட்டேன். "சும்மா, பார்க்கலாம்னு" என்றான்.