புரோகிராம் எங்கே தூங்க வேண்டும்?

நேர்முகத் தேர்வுக்கு வரும் இளைஞர்களிடம் நான் விரும்பிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஒரு சென்சாரிலிருந்து 5 விநாடிக்கு ஒருமுறை வெப்பநிலையைப் படித்துத் திரையில் காட்ட வேண்டும். நடுவில் யாராவது கீபோர்டில் ‘க்யூ’வைத் தட்டினால் உடனே நின்றுவிட வேண்டும். பைத்தான், பெர்ல், ஜாவாஸ்கிரிப்ட், டிக்கிள் என எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம். பார்த்தால் பத்து வரி வேலை.

பலரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள். முடிவில்லாத ஒரு லூப்; அதற்குள் படி, காட்டு, 5 விநாடி ‘ஸ்லீப்’. சரி, கீபோர்டை எப்போது பார்ப்பாய் என்று கேட்டால் பேனா நின்றுவிடும். தூங்குகிற 5 விநாடியும் அந்த ஸ்கிரிப்டுக்குக் காது கேட்காது. ஸ்லீப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘இன்புட்’ போட்டாலோ, யாராவது எதையாவது தட்டும்வரை வெப்பநிலை நகராது. காத்திருக்க வேண்டியவை இரண்டு. காத்திருக்க முடிவது ஒன்றுக்குத்தான்.

கொஞ்சம் அனுபவப்பட்டவர்கள் பத்தில் ஒரு விநாடி தூங்கி எழுந்து இரண்டையும் பார்ப்பார்கள். ஓடத்தான் செய்யும். ஆனால் 5 விநாடிக்குள் 50 தடவை விழித்து, 49 தடவை ஒன்றுமில்லை என்று திரும்பப் படுக்கிற புரோகிராம் அது. இதைப் போல இருபது ஸ்கிரிப்ட் ஓடினால் லேப்டாப் பேட்டரிதான் பதில் சொல்ல வேண்டும். இன்னும் சிலர் ஆளுக்கொரு த்ரெட் என்று பிரித்துவிடுவார்கள். அதுவும் ஓடும், இரண்டு த்ரெட்டும் ஒரே மாறியில் கைவைக்கும் நாள் வரைக்கும்.

இந்தச் சிக்கலுக்கு 1983-லேயே ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குள் வழி செய்துவிட்டார்கள். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் அந்த ஆண்டு வெளியிட்ட 4.2 பிஎஸ்டி யூனிக்ஸில் ‘செலக்ட்’ என்றொரு சிஸ்டம் கால் வந்தது. அதற்கு இரண்டு சங்கதிகளைக் கொடுக்க வேண்டும்: எந்தெந்த இன்புட்டைக் கவனிக்க வேண்டும் என்ற பட்டியல், அதிகபட்சம் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்ற கெடு. ராத்திரி பஸ்ஸில் கண்டக்டரிடம் ‘நம்ம ஸ்டாப் வந்தா எழுப்பிவிடுங்க, இல்லாட்டி நாலு மணிக்கு எழுப்பிவிடுங்க’ என்று சொல்லிவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடுவதைப் போலத்தான் இது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் விழித்து ‘வந்துருச்சா?’ என்று கேட்கிற பயணியின் வேலையைத்தான் பத்தில் ஒரு விநாடி ஸ்கிரிப்ட் செய்துகொண்டிருந்தது.

ஈவென்ட் லூப் என்று சொல்லப்படுவதன் அடித்தளமே இந்த ஒரு அழைப்புதான். மேலே இருக்கும் கட்டடம் ரொம்பச் சின்னது. டைமர்களை எல்லாம் எது முதலில் அடிக்கும் என்ற வரிசையில் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் டைமருக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட்டு, அதையே கெடுவாக வைத்து, ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலிடம் சொல்லிவிட்டுத் தூங்கப் போக வேண்டும். எழுந்ததும் இன்புட் வந்திருந்தால் அதற்குரிய ஃபங்ஷன், நேரம் ஆகியிருந்தால் டைமருக்குரிய ஃபங்ஷன். முடிந்ததும் மறுபடி தூக்கம்.

நம் சென்சார் கணக்கிலேயே பார்க்கலாம். அடுத்த டைமருக்கு 5 விநாடி இருக்கிறது. லூப் 5 விநாடிக் கெடுவோடு தூங்குகிறது. 1.3-வது விநாடியில் யாரோ ‘க்யூ’ அல்லாத ஒரு எழுத்தைத் தட்டுகிறார். கெர்னல் எழுப்புகிறது, கீபோர்டைக் கவனிக்கும் ஃபங்ஷன் எழுத்தைப் பார்த்து, நமக்கானது இல்லை என்று விட்டுவிடுகிறது. இப்போது மிச்சம் 3.7 விநாடி, லூப் அந்தக் கெடுவோடு மறுபடி படுக்கிறது. 5 விநாடிக்கு இரண்டே இரண்டு விழிப்பு, இரண்டுக்கும் காரணம் உண்டு. மொத்தப் புரோகிராமிலும் தூங்குவதற்கு ஒரே ஒரு இடம்தான் என்பதைக் கவனியுங்கள். இந்த முறையின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது.

ஈவென்ட் லூப்பை, ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் நோட்.ஜேஎஸ்தான் கண்டுபிடித்தது என்று நினைக்கும் பிள்ளைகள் நிறைய. நோட்.ஜேஎஸ்ஸை எழுதிய ரையன் டால் அதை பெர்லினில் அறிமுகப்படுத்தியது 2009-ல். அதற்கு வெகுகாலம் முன்பே ஸ்கிரிப்டிங் மொழிகளில் இந்த லூப் புழக்கத்தில் இருந்தது. ஜான் அவுஸ்டர்ஹவுட் 1988-ல் பெர்க்லியில் எழுதத் தொடங்கிய டிக்கிள் மொழியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னலும் பட்டனும் வரையும் அதன் டிகே தொகுப்புக்கு, மவுஸ் எப்போது நகரும் என்று காத்திருக்கும் லூப் தேவைப்பட்டது. 1996-ல் வந்த 7.5 பதிப்பில் அந்த லூப்பை டிகேயிலிருந்து பிரித்து மொழிக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். ஜன்னலே இல்லாத சர்வர் ஸ்கிரிப்டும் அதைப் பயன்படுத்த முடிந்தது.

டிக்கிளில் நம் கேள்விக்கு மூன்று கட்டளை போதும். டைமருக்கு ‘ஆஃப்டர்’, இன்புட்டைக் கவனிக்க ‘ஃபைல்ஈவென்ட்’, லூப்பை ஓட்ட ‘விவெயிட்’. பழைய ஸ்கிரிப்டுகளின் கடைசி வரியில் ‘விவெயிட் ஃபாரெவர்’ என்று இருக்கும். ஃபாரெவர் என்பது மந்திரச் சொல் ஒன்றுமில்லை. சாதாரண மாறியின் பெயர். அந்த மாறிக்கு மதிப்பு வரும்வரை லூப்பை ஓட்டு என்பதுதான் கட்டளை. யாரும் அதற்கு மதிப்புக் கொடுக்கப் போவதில்லை என்பதால் லூப்பும் நிற்பதில்லை. ‘ஆஃப்டர் 5000’ என்று எழுதிப் பின்னால் செய்ய வேண்டியதைக் கொடுத்தால் அது டைமர். பின்னால் ஒன்றும் கொடுக்காமல் விட்டால் அதே கட்டளை மொத்தப் புரோகிராமையும் 5 விநாடி உறைய வைக்கும் ஸ்லீப் ஆகிவிடும். டிக்கிள் படிக்கிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய வித்தியாசம் இது.

த்ரெட்கள் பெரும்பாலான வேலைகளுக்கு மோசமான யோசனை என்று அவுஸ்டர்ஹவுட் ஓர் உரையே ஆற்றினார். அது 1996 ஜனவரியில், யூஸ்நிக்ஸ் மாநாட்டில். மற்ற மொழிகளுக்கும் லூப் வந்தது. பெர்லில் பிஓஇ, ஈவென்ட், ஈவி, எனிஈவென்ட் என்று வரிசையாக மாட்யூல்கள் வந்தன. பைத்தானில் ட்விஸ்டட். பிறகு 2014-ல் 3.4 பதிப்போடு மொழியின் சொந்தச் சரக்காகவே அசின்க்ஐஓ. கெர்னலும் சும்மா இருக்கவில்லை. வழக்கமாக 1024 இணைப்புகளோடு செலக்ட் மூச்சு வாங்கும் என்பதால் ஃப்ரீபிஎஸ்டியில் கேக்யூவும் லினக்ஸில் ஈபோலும் வந்தன. அடியில் எது இருந்தாலும் ஸ்கிரிப்ட் எழுதுபவருக்குத் தெரிவது டைமர், இன்புட்டைக் கவனிக்கும் வாட்சர் என்ற இரண்டுதான்.

இனி, கையைச் சுடுகிற இடங்களுக்கு வருவோம். அவை எல்லா மொழியிலும் பெரும்பாலும் ஒன்றேதான்.

முதலாவது, கீபோர்டு. ‘க்யூ’வைத் தட்டியும் ஒன்றும் நடக்கவில்லை என்பார்கள். லூப் மீது தப்பில்லை. யூனிக்ஸ் டெர்மினல் வழக்கமாக முழு வரியையும் பிடித்து வைத்துக்கொண்டு, என்டர் தட்டிய பிறகுதான் புரோகிராமுக்கு விடும். ஒற்றை எழுத்து உடனே வேண்டுமென்றால் டெர்மினலின் அந்த வழக்கத்தை முதலில் மாற்ற வேண்டும். விண்டோஸில் இன்னொரு தொல்லை: அங்கே செலக்ட் சாக்கெட்டை மட்டும்தான் கவனிக்கும், கீபோர்டைக் கொடுத்தால் ஏற்காது.

இரண்டாவது, பஃபர். இதில் சிக்காதவர்கள் குறைவு. பெர்லில் ஒரு பைப் வழியாக மூன்று வரி ஒரே மூச்சில் வருகிறது என்று வையுங்கள். செலக்ட் எழுப்புகிறது; நீங்கள் வழக்கம்போல ஒரு வரி படிக்கிறீர்கள். பெர்ல் என்ன செய்கிறது? கெர்னலிடம் இருந்த மூன்று வரியையும் அள்ளித் தன் பஃபரில் போட்டுக்கொண்டு, உங்களுக்கு ஒன்றை மட்டும் கொடுக்கிறது. லூப் மறுபடி கெர்னலிடம் போகிறது. கெர்னலின் கை காலி. அதனால் தூங்க வைத்துவிடுகிறது. மிச்ச இரண்டு வரியும் புரோகிராமின் மடியிலேயே இருக்கின்றன, அடுத்த செய்தி வரும்வரை யாரும் தொடமாட்டார்கள். ‘மெசேஜ் எல்லாம் லேட்டாகவே வருது’ என்று யாராவது சொன்னால் நெட்வொர்க்கைத் திட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள். செலக்ட்டோடு பஃபர் வழிப் படிப்பைக் கலக்காதே, ‘சிஸ்ரீட்’ பயன்படுத்து என்று பெர்லின் ஆவணமே எச்சரிக்கிறது.

மூன்றாவது, முடிவு. எதிர்முனை இணைப்பை மூடிவிட்டால் கெர்னல் அதைப் ‘படிக்கலாம்’ என்றுதான் சொல்லும். படித்தால் பூஜ்யம் பைட் வரும். அதைப் பார்த்து வாட்சரை நீக்காவிட்டால், லூப் தூங்கப் போன மறுநொடியே எழுப்பப்படும். திரும்பவும் பூஜ்யம், திரும்பவும் எழுப்பல். சிபியு நூறு சதவிகிதத்தில் நிற்கும், வேலை ஒன்றும் நடக்காது.

நான்காவது, நேரம். டைமருக்கு 5 விநாடி என்று சொன்னால் 5 விநாடிக்கு முன்னால் அடிக்காது என்று மட்டும்தான் அர்த்தம். பின்னால் எவ்வளவு வேண்டுமானாலும் தள்ளிப் போகலாம். சென்சாரைப் படித்துக் காட்ட 0.2 விநாடி ஆகிறது, வேலை முடிந்த பிறகு ‘இன்னும் 5 விநாடியில்’ என்று அடுத்த டைமரை வைக்கிறீர்கள் என்றால் உண்மையான இடைவெளி 5.2 விநாடி. ஒரு மணி நேரத்தில் 720 அளவீடு வர வேண்டிய இடத்தில் 692-தான் வரும். போன தடவை அடித்திருக்க வேண்டிய நேரத்தோடு 5-ஐக் கூட்டி அடுத்ததை வைத்தால் இந்தச் சறுக்கல் கிடையாது. சுவர்க் கடிகாரத்தை நம்பியும் இடைவெளியை அளக்கக் கூடாது; யாராவது தேதியைத் திருத்தினால் டைமர் எல்லாம் குழம்பும். முன்னோக்கி மட்டுமே ஓடும் மோனோடோனிக் கடிகாரம் அதற்காகத்தான் இருக்கிறது. அசின்க்ஐஓ அதைத்தான் பயன்படுத்துகிறது.

ஜாவாஸ்கிரிப்டில் இன்னொரு வேடிக்கை. செட்டைம்அவுட் தன் கெடுவை 32 பிட்டில் வைத்திருப்பதால் அது தாங்குவது 2,147,483,647 மில்லிவிநாடி, அதாவது 25 நாளுக்குச் சற்றுக் குறைவு. ‘30 நாள் கழித்து நினைவூட்டு’ என்று எழுதினால் அந்த நினைவூட்டல் 30 நாள் கழித்து வராது, உடனே வந்து நிற்கும்.

கடைசியாக, என் கேள்வியிலேயே ஒளிந்திருக்கும் பொறி. சென்சாரைப் படி என்றேனே, சென்சார் பதில் சொல்லாவிட்டால்? அந்த ‘படி’ வரியே இன்னொரு தூக்கமாகிவிடும். கீபோர்டுக்கு மறுபடி காது கேட்காது. ஆகவே சென்சாரும் ஒரு இன்புட்தான். 5 விநாடி டைமர் அடித்ததும் கேள்வியை மட்டும் அனுப்பிவிட்டு வந்துவிட வேண்டும். பதிலுக்கு ஒரு வாட்சர், கூடவே ஒரு விநாடி டைமர். பதில் முந்தினால் டைமரை ரத்து செய். டைமர் முந்தினால் ‘பதில் இல்லை’ என்று காட்டிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போ. இந்த ஜோடி கைவந்துவிட்டால் ஈவென்ட் லூப் வந்துவிட்டது என்று அர்த்தம். நேர்முகத் தேர்வில் இதைக் கேட்காமலே சொன்ன பெண் ஒருவர் இப்போது எங்கள் குழுவில்தான் இருக்கிறார்.

எல்லா வேலைக்கும் இது மருந்தல்ல. பெரிய படத்தைச் சுருக்குவது, லட்சக்கணக்கான வரிசைகளை அலசுவது என்று சிபியுவை உழைக்க வைக்கிற வேலையை லூப்புக்குள் போட்டால் அது முடியும்வரை மற்ற எல்லாம் நிற்கும். அதற்குத் தனி புராசஸ் அல்லது த்ரெட்தான் சரி. நோட்.ஜேஎஸ்ஸே ஃபைல் வேலைகளைப் பின்னால் நான்கு த்ரெட் வைத்துத்தான் ஒப்பேற்றுகிறது. காரணம், சாதாரண ஃபைல் எப்போதுமே ‘தயார்’ என்றுதான் செலக்ட் சொல்லும், டிஸ்க் எவ்வளவு திணறினாலும். இன்றைய ‘அசின்க், அவெயிட்’ எழுத்துமுறை இதையெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் மூடியிருக்கிறது, அடியில் ஓடுவது அதே லூப்தான்.

பைத்தான்காரர்களுக்கு ஒரு யோசனை. அசின்க்ஐஓவின் டீபக் நிலையை ஒருமுறை இயக்கிப் பாருங்கள். பத்தில் ஒரு விநாடிக்கு மேல் லூப்பைப் பிடித்து வைத்த ஒவ்வொரு ஃபங்ஷனையும் பெயர் சொல்லிக் காட்டிக்கொடுக்கும். மற்ற மொழிக்காரர்கள் எடிட்டரைத் திறந்து ‘ஸ்லீப்’ என்று தேடிப் பாருங்கள், டிக்கிள்காரர்கள் ‘ஆஃப்டர்’ என்று. பைத்தானிலும் அப்படித் தேடலாம்: அசின்க்ஐஓவின் ஸ்லீப் டைமர்தான், அதை விட்டுவிடலாம். ‘டைம்’ மாட்யூலின் ஸ்லீப் லூப்புக்குள் எங்கே கிடைத்தாலும் அதை எடுத்துவிட்டு டைமரைப் போடுங்கள். புரோகிராம் தாராளமாகத் தூங்கலாம்; ஆனால் கெர்னலிடம் சொல்லிவிட்டு, அந்த ஒரே இடத்தில் தூங்கட்டும்.