திருவிழாவுக்கு உபயம் உண்டு, நோயாளிக்கு ஏன் இல்லை?



இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரம் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து படிங்க. அடுத்த மாதம் திருவிழா உபயப் பட்டியல் போடும் கூட்டம் வருகிறது. அதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடவேண்டும் என்று தொண்டர்கள் நாங்கள் சிலபேர் பேசி முடிவு செய்தோம்.

வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து அம்மனுக்குப் பூ கட்டிக் கொடுத்த ஓர் அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். பெயர் வேண்டாம். ஒரு வருடத்துக்கும் மேலாக அவரைக் கோயிலில் பார்க்க முடியவில்லை. "அக்கா ஏன் வரல?" என்று கேட்காதவர்கள் இல்லை. காரணம் புற்றுநோய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பாதிதான் உண்மை. மீதிப் பாதிக்குக் காரணம் நாங்கள்.

நடந்தது இதுதான். மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டபோது அவர் யாரிடமும் சொல்லவில்லை. மகள் எஸ்.பி.எம். எழுதுகிற வருடம், வீட்டில் குழப்பம் வேண்டாம் என்று நினைத்தார். மகள் பரீட்சை முடிந்த பிறகுதான் வீட்டுக்காரரிடம் சொன்னார். பதறிப்போன அவர் நேராகத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் காத்திருக்கணும், அதுக்குள்ள ஏதாச்சும் ஆயிட்டா என்ன பண்றது என்ற பயம். அந்தப் பயத்தை நாங்கள் குறை சொல்லமாட்டோம். எங்கள் வீட்டில் நடந்தாலும் அப்படித்தான் ஓடியிருப்போம்.

டெஸ்ட், ஆபரேஷன், முதல் இரண்டு கீமோ. சேமிப்பு போச்சு, தாலிக்கொடி தவிர மற்ற நகையெல்லாம் அடகுக்கடைக்குப் போச்சு. தெரிந்தவர் ஒருவர் வழியாக ஆ லோங்கிடமும் 5,000 வெள்ளி வாங்கினார்கள். இதற்கு நடுவில் யாரோ சொன்னார்கள் என்று வெளியூரில் ஒரு பரிகாரம் வேறு. அதற்கும் கடன். கடைசியில் கையில் ஒன்றுமில்லாமல்தான் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அங்கே நிபுணர் கிளினிக்குக்கு 5 வெள்ளி. அந்த 5 வெள்ளியை நீட்டும்போது "இதை ஆரம்பத்திலேயே செஞ்சிருக்கலாமே" என்று அழுததாக அவர் வீட்டுக்காரர் எங்களிடம் சொன்னார்.

அப்போதுதான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது. உடனே உதவி செய்ய இறங்கினோம். எப்படி? அக்கா தலைமுடி கொட்டிப்போய்க் கட்டிலில் படுத்திருக்கும் படத்தை எடுத்து, பேங்க் நம்பரோடு வாட்ஸ்அப்பில் போட்டோம். ஒரே வாரத்தில் 3,000 வெள்ளிக்கு மேல் சேர்ந்தது. கொடுத்தவர்கள் எல்லாரும் நல்ல மனதோடுதான் கொடுத்தீர்கள். ஆனால் அந்தப் படம் மகள் வகுப்புப் பிள்ளைகள் வரைக்கும் போய்விட்டது. வீட்டுக்காரர் வேலை செய்யும் இடத்துக்கும் போய்விட்டது. அதற்குப் பிறகு அக்கா வீட்டுக் கதவைத் திறப்பதே இல்லை. உடம்பு தேறிய பிறகும் கோயில் பக்கம் வரவில்லை. "எல்லாரும் என்னை அந்தப் படமாத்தான் பாப்பாங்க" என்று மகளிடம் சொன்னாராம்.

அந்தப் பணம் ஆ லோங் வட்டிக்கே போதவில்லை. ஆகவே பணமும் நிற்கவில்லை, மானமும் போனது. இது எங்கள் தவறு. அந்தக் குடும்பத்திடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம். இப்போது உங்கள் முன்னாலும் ஒத்துக்கொள்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எங்களில் பலர் கூலிம், பிறை வட்டார ஃபேக்டரிகளில் வேலை செய்பவர்கள், சிலர் சூப்பர்வைசர்கள். லைனில் ஆள் குறைந்தால் எங்களுக்குத்தான் கேள்வி வரும். ஒரு தொழிலாளி அடிக்கடி எம்.சி. எடுத்தால் வருகை அலவன்ஸ் வெட்டுகிற பாரத்தில் கையெழுத்துப் போடுவது எங்களைப் போன்றவர்கள்தான். ஏன் எம்.சி. என்று நாங்கள் கேட்டதில்லை. ரூல்ஸ் ரூல்ஸ்தான் என்று போட்டுவிட்டுப் போயிருக்கிறோம். அக்காவும் ஒரு ஃபேக்டரியில் லைனில் நின்றவர்தான். அவருக்கும் எங்களைப் போல யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டிருப்பார்.

அதனால் எங்களுக்குப் பணக் கணக்கு நன்றாகத் தெரியும். சட்டப்படி சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பு 2 வருடத்துக்குக் குறைந்த வேலைக்கு 14 நாள், 2 முதல் 5 வருடத்துக்கு 18 நாள், அதற்கு மேல் 22 நாள். வார்டில் படுத்தால் 60 நாள் தனியாக உண்டு. ஆனால் கீமோ பல மாதம் ஓடும். பெரும்பாலும் காலையில் போய் மாலையில் திரும்புகிற சிகிச்சை, வார்டில் படுப்பது குறைவு. விடுப்பு தீர்ந்த பிறகு சம்பளமில்லா விடுப்புதான். முதலில் ஓ.டி. போகும், பிறகு வருகை அலவன்ஸ், பிறகு அடிப்படைச் சம்பளம். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று ஆகிவிட்டாலும், ஓ.டி. இல்லாமல் அதை வைத்து வீட்டு வாடகை, மோட்டார் தவணை, பிள்ளைகள் பள்ளிச் செலவு என்று ஓட்டுகிறவர்களுக்கு இரண்டு மாதம் தாங்காது. கூடப் போகிற கணவனோ மகனோ லீவு எடுத்தால் இன்னொரு சம்பளமும் அடிபடும்.

ரேடியோதெரப்பி என்றால் இன்னும் சிரமம். நம் பக்கத்து ஆட்கள் பலர் பாலம் தாண்டிப் பினாங்கு பொது மருத்துவமனைக்குப் போகிறார்கள். வாரத்துக்கு 5 நாள், பல வாரம். சிகிச்சைக்கு ஆகும் நேரம் கொஞ்சம்தான், போய் வர ஒரு நாளே முடிந்துவிடும். பெட்ரோல், டோல், பார்க்கிங், வெளிச்சாப்பாடு. வண்டி இல்லாதவர்களுக்கு கிரேப் காசு. இதை எந்த ஆஸ்பத்திரி பில்லிலும் பார்க்கமுடியாது. ஆனால் குடும்பத்தைச் சாய்ப்பது இதுதான்.

இது எங்கள் கற்பனை இல்லை. மலேசியா உட்பட 8 தென்கிழக்காசிய நாடுகளில் 9,513 புற்றுநோயாளிகளை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2015-இல் வெளிவந்தது. நோய் கண்ட ஒரே வருடத்துக்குள் 29 விழுக்காட்டினர் இறந்துவிட்டார்கள். 48 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தார்கள், ஆனால் வீட்டின் வருட வருமானத்தில் 30 விழுக்காடோ அதற்கு மேலோ கைக்காசாக மருத்துவத்துக்கே போய்விட்டது. உயிரும் பிழைத்து, பணத்திலும் அந்த அளவுக்கு அடிபடாமல் இருந்தவர்கள் 23 விழுக்காட்டினர்தான். நாலு பேரில் ஒருவர்கூட இல்லை. தனக்கு வராது என்று யாரும் நினைக்கவேண்டாம்.

நம் நாட்டில் புதிதாகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் 3-ஆம், 4-ஆம் கட்டத்தில்தான் வருகிறார்கள் என்று தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு சொல்கிறது. கட்டம் ஏற ஏறச் செலவும் ஏறும், பிழைக்கும் வாய்ப்பும் குறையும். மறைத்து வைப்பதற்கு நாம் கொடுக்கும் விலை இது.

சரி, வழியே இல்லையா? இருக்கிறது. அக்கா விஷயத்துக்குப் பிறகு நாங்கள் நாலைந்து பேர் ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் அலைந்து தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம். ஒவ்வொன்றுக்கும் நிபந்தனை உண்டு, நேரில் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

முதலில், கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்கும் அன்றைக்கே மருத்துவச் சமூகப் பணியாளரைப் பார்க்கவேண்டும் என்று சொல்லுங்கள். ஜாபாத்தான் கெர்ஜா சோஷியல் பெருபாத்தான் என்று அங்கே ஒரு தனிப் பிரிவே இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கிடைக்காத, காசு கொடுத்து வாங்கவேண்டிய விலை உயர்ந்த மருந்துக்கு, சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு அவர்கள் மூலம் விண்ணப்பிக்கலாம்.

இரண்டாவது, எஸ்.டி.ஆர். உதவித்தொகை வாங்கும் குடும்பத்துக்கு பெக்கா பி40 திட்டம். 40 வயதானவர்களுக்கு இலவச உடல் பரிசோதனை உண்டு. புற்றுநோய் சிகிச்சையை முழுமையாக முடிப்பவர்களுக்கு 1,000 வெள்ளி வரை ஊக்கத்தொகை, தீபகற்பத்தில் 500 வெள்ளி வரை போக்குவரத்துக் காசும் உண்டு. பெரிய தொகை இல்லைதான். ஆனால் ஆ லோங் வீட்டுப் படியேறாமல் இருக்க அதுவும் உதவும்.

மூன்றாவது சொக்சோ. மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிறார்களே, அது வேலையில் அடிபட்டால் மட்டும்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இல்லீங்க. 60 வயது ஆகாதவர் நோயால் இனிப் பழையபடி சம்பாதிக்கமுடியாது என்று மருத்துவக் குழு உறுதி செய்தால், சந்தா போதுமான மாதம் கட்டியிருந்தால், இயலாமை ஓய்வூதியம் கிடைக்கும். அக்கா பல வருடம் சந்தா கட்டியவர். அவருக்கு இப்படி ஒன்று இருக்கிறது, விண்ணப்பித்துப் பார்க்கலாம் என்று 8 மாதம் வரைக்கும் ஒருவரும் சொல்லவில்லை. ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருக்கும் நாங்களே சொல்லத் தெரியாமல் இருந்தோம் என்பதுதான் வெட்கம்.

நான்காவது இ.பி.எஃப். கடும் நோய்ச் சிகிச்சைக்குப் பணம் எடுக்க வழி இருக்கிறது, கணவன் மனைவி, பிள்ளை, பெற்றோர் சிகிச்சைக்கும் எடுக்கலாம். ஆனால் அது உங்கள் முதுமைக்கான காசு. மற்ற கதவுகளைத் தட்டிப் பார்த்துவிட்டு அதைத் தொடுங்கள். மக்னா போன்ற புற்றுநோய் அமைப்புகளும் உதவுகின்றன.

பாருங்க, இவ்வளவும் இருக்கிறது. இல்லாதது என்ன? பயத்தில் உறைந்துபோன குடும்பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாரம் நிரப்பிக் கொடுக்கும் ஒரு ஆள். காலையில் 6 மணிக்கு வந்து நிற்கும் ஒரு வண்டி. இதைக் கோயிலால் செய்ய முடியாதா?

எங்கள் கருத்து இதுதான். திருவிழாவில் முதல் நாள் உபயம் இவர், இரண்டாம் நாள் உபயம் அவர் என்று குடும்பம் குடும்பமாக எடுக்கிறோம். இந்த வருடம் முதல் ஒரு நாள் உபயத்தை "நோயாளர் உபயம்" என்று வைப்போம். அன்றைக்கு அம்மனுக்கு எளிமையான அலங்காரம், வழக்கமான அபிஷேகம். மேளம், பந்தல், சாப்பாட்டு ஆடம்பரத்தைக் குறைத்து மிச்சப்படும் காசைத் தனிக் கணக்கில் போடுவோம். அது பெட்ரோலுக்கும் டோலுக்கும் வீட்டுச் சாமானுக்கும் மட்டும். வண்டி வைத்திருக்கும் தொண்டர்கள் வாரம் ஒரு நாள் முறை போட்டு ஓட்டட்டும். பாரம் எழுதத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கிராணிமார்களும் ஞாயிற்றுக்கிழமை பூஜை முடிந்து ஒரு மணி நேரம் மண்டபத்தில் உட்காரட்டும். அன்னதானச் சாப்பாட்டில் இரண்டு டிஃபன் கேரியர் அந்த வீடுகளுக்கும் போகட்டும். படம் எடுக்கக்கூடாது, பெயர் வெளியே போகக்கூடாது. பொருளாளரும் இரண்டு பெண் தொண்டர்களும் மட்டும் தெரிந்து வைத்திருந்தால் போதும். செலவுக் கணக்கைப் பெயர் இல்லாமல் ஆண்டுக் கூட்டத்தில் காட்டலாம்.

இதற்கு எதிராகச் சிலர் சொல்வதையும் கேட்டோம். "சாமி காசை சாமிக்குத்தான் செலவு பண்ணணும்" என்கிறார்கள் பெரியவர்கள். அவர்களை மதிக்கிறோம். அதனால்தான் உண்டியல் காசைக் கேட்கவில்லை, மனமுவந்து கொடுக்கிற ஒரு உபயத்தைக் கேட்கிறோம். பசித்தவனுக்குச் சோறு போடுவது அம்மனுக்குச் செய்யும் தொண்டு என்று ஏற்றுக்கொண்ட நாம், கீமோ முடிந்து வாந்தி எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவரை வீட்டில் கொண்டுவிடுவதையும் தொண்டு என்று ஏற்கமுடியாதா?

"ஏமாத்துறவன் வருவான்" என்கிறார்கள் இளைஞர்கள். வரலாம். கையில் காசு கொடுத்தால்தானே ஏமாற்ற முடியும்? நாங்கள் கொடுக்கப்போவது வண்டி, சாப்பாடு, பாரம். ஆஸ்பத்திரி அப்பாயின்மெண்ட் கார்டைக் காட்டினால் போதும்.

பரிகாரம் பற்றியும் ஒரு வார்த்தை. வேண்டுதல் மனதுக்குத் தைரியம் தரும், அதை யாரும் தடுக்கமாட்டோம். ஆனால் கடன் வாங்கி ஆயிரக்கணக்கில் பரிகாரம் செய்யச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள். நம் அம்மனுக்கு ஒரு எலுமிச்சை விளக்குப் போதும். மீதிக் காசு வீட்டு அரிசிக்கு.

உடம்பில் கட்டியோ, ஆறாத புண்ணோ, காரணமில்லாத ரத்தமோ இருந்தால் மறைக்காதீர்கள். இந்த வாரமே கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் எங்களில் யாரையாவது கூப்பிடுங்கள். எதற்கு என்று கேட்கமாட்டோம், வந்து நிற்போம்.

போன வாரம் அக்கா வீட்டுக்கு மறுபடியும் போனோம். கதவு திறந்தது. இந்த யோசனையைச் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எந்த நாள்னு சொல்லுங்க, அன்னிக்கு மாலையை நான் வீட்டுல கட்டி அனுப்புறேன்" என்றார். கோயிலுக்கு வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை.

அந்த மாலைக்கு ஒரு நாளைக் குறித்துக் கொடுக்கவேண்டியது உபயக் கூட்டத்துக்கு வரும் நீங்கள்தான். கூட்டத்துக்கு வாருங்கள், மாற்றுக் கருத்து இருந்தால் அங்கேயே சொல்லுங்கள், பேசி முடிவெடுப்போம்.

அம்மன் எல்லாரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
ஆலயத் தொண்டர்கள்