காலை எடுத்தாச்சு, உயிர் தப்பிச்சாச்சா? (இழை)

"காலை எடுத்துட்டாங்க டாக்டர், இனிமே பயமில்ல." மொரப்பூர் பக்கத்துல இருந்து தருமபுரிக்கோ சேலத்துக்கோ போய் ஆபரேஷன் முடிச்சு வந்த வீடுகள்ல அடிக்கடி கேட்கிற பேச்சு இது. சொல்றவங்க மேல எனக்குக் கோபமில்ல. அப்படி நம்ப வச்சு வீட்டுக்கு அனுப்புறோமே, அந்த மருத்துவத்து மேலதான் கோபம்.

எடுத்தது காலை. நோய் இருக்கிறது ரத்தக்குழாயில். காலுக்குப் போற குழாயை அடைச்ச அதே கொழுப்புப் படிவு, இதயத்துக்கும் மூளைக்கும் போற குழாய்கள்லயும் இருக்க வாய்ப்பு அதிகம். அடைப்பால் கணுக்காலுக்கு மேலே கால் எடுத்தவங்களைப் பல நாடுகள்ல தொடர்ந்து கவனிச்சிருக்காங்க. 5 வருஷத்துக்குள்ள சுமார் பாதிப் பேர், பல ஆய்வுகள்ல அதுக்கும் மேல, இறந்துடறாங்க. பல புற்றுநோய்களை விட மோசமான கணக்கு இது. அதுல பெரிய பங்கு மாரடைப்பும் பக்கவாதமும்.

புற்றுநோய்னா ஊரே விசாரிக்கும். கால் எடுத்தவருக்கு? டிஸ்சார்ஜ் சீட்டைப் பாருங்க. ஆன்டிபயாடிக், வலி மாத்திரை, "கட்டு மாற்ற வரவும்." அவ்வளவுதான் பல சீட்டுகள்ல. ரத்தம் உறையாம இருக்க ஆஸ்பிரின் மாதிரி ஒரு மாத்திரை, கொழுப்புக்கு ஸ்டேட்டின், பீடியை விட ஒரு வழி... இதெல்லாம் அவர் உயிரோட இருக்கத் தேவையான விஷயங்கள். வேண்டாம்னு சொல்லக் காரணம் இருந்தா டாக்டர் அதைச் சொல்லட்டும். ஆனா கேள்வியே எழாம சீட்டு முடியக் கூடாது.

இன்னொரு ஏமாத்து வார்த்தை "சர்க்கரைப் புண்". எல்லாப் பழியையும் சர்க்கரை மேல போட்டுட்டா ரத்த ஓட்டத்தை யாரும் பார்க்க மாட்டாங்க. சர்க்கரையே இல்லாத பீடிக்காரருக்கும் விரல் கறுக்குது. கொஞ்ச தூரம் நடந்தா ஆடுசதை பிடிக்குது, நின்னா விடுது. ராத்திரி காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப் போட்டாதான் தூக்கம் வருது. இது வயசுக் கோளாறு இல்ல, அடைப்போட அடையாளம். கையிலயும் கணுக்கால்லயும் பிரஷர் எடுத்து ஒப்பிட்டாலே பெரும்பாலும் தெரிஞ்சுடும். கணுக்கால் அளவைக் கை அளவால வகுத்து 0.9 அல்லது அதுக்குக் கீழே வந்தா அடைப்பு. சர்க்கரைக்காரங்களுக்குக் குழாய் இறுகி இந்த எண் ஏமாத்தும். அவங்களுக்கு டாப்ளரும் பார்க்கணும்.

அதனால கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி கேளுங்க: "டாப்ளர் பார்த்தாச்சா? அடைப்பை எடுக்க வழி இருக்கா?" காப்பீட்டு அட்டையைக் கையோட வச்சுக்கோங்க. ஆனா அழுகல் ஏறி, காய்ச்சலும் குழப்பமும் வந்துட்டா விவாதம் பண்ண நேரமில்ல. அப்போ பச்சிலைக் கட்டோட மூணு ஊர் சுத்துறது கொலைக்குச் சமம். அவசரம்னா எடுக்கத்தான் வேணும்.

எடுத்தே ஆகணும்னா அடுத்த கேள்வி, "முழங்காலைக் காப்பாத்த முடியுமா?" முழங்கால் தங்கினவர் செயற்கைக் காலோட நடக்கிற வாய்ப்பு எவ்வளவோ அதிகம். மேலே எடுத்தா ஒவ்வொரு அடிக்கும் இதயம் கூடுதலா உழைக்கணும், ஏற்கெனவே நோய்ப்பட்ட இதயம்.

அந்த முழங்காலையும் வீட்டுல பாசத்தால கெடுக்கிறோம். வலிக்குதேன்னு அடியில தலையணை வைப்பாங்க. வாரக்கணக்குல மடங்கியே கிடந்து மூட்டு இறுகிடும். அப்புறம் செயற்கைக் கால் பொருந்தாது. தலையணையைத் தூக்கிப் போடுங்க, மூட்டை நீட்டி வைங்க.

செயற்கைக் கால் பணக்காரங்க சமாச்சாரம் இல்ல. கைவினைஞர் ராமச்சந்திர சர்மாவும் டாக்டர் பி.கே. சேத்தியும் 1960கள்லயே உருவாக்கினது ஜெய்ப்பூர் கால். செருப்பில்லாம வரப்புல நடக்கலாம், குத்த வச்சும் உட்காரலாம். இலவச செயற்கைக் காலுக்கு தருமபுரி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல விண்ணப்பிக்கலாம். இதைக்கூடச் சொல்லாமத்தான் பலரைத் திண்ணையில உட்கார வச்சிருக்கோம்.

2021 ஆகஸ்ட் 5-ல பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில தொடங்கினதுதான் மக்களைத் தேடி மருத்துவம். பிரஷர், சர்க்கரை மாத்திரை மட்டுமில்ல, பிசியோதெரபியும் அந்தத் திட்டத்துல உண்டு. உங்க வீட்டுக்கு வர்றப்ப பிசியோ வேணும்னு கேளுங்க. சீட்டுல ஆஸ்பிரினும் ஸ்டேட்டினும் இல்லன்னா அதையும் கேளுங்க. மிச்சமிருக்கிற காலைக் கழுவித் துடைச்சு, விரல் இடுக்கு வரைக்கும் காட்டுங்க. அடுத்த ஆபத்து அந்தக் காலுக்குத்தான்.